மேட்ச் ஷூவின் வளைவில் வெள்ளை வெடிப்பு: எத்தனை பாலிஷ் போட்டாலும் திரும்ப வருகிறது

கருப்புவிசில் (திருச்சி) · செவ்வாய், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாவட்ட அளவில் ஏழு வருடமாகக் கூடைப்பந்து நடுவர். ஆள் கிடைக்காத நாளில் பள்ளி ஃபுட்பால் மேட்சுக்கும் லைனில் கொடியோடு நிற்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே ஷூதான்.

கருப்புத் தோல், கயிறு கட்டுவது, அடியில் ரப்பர் சோல். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. தலையில் ஸ்பாஞ்ச் வைத்த பாட்டில் பாலிஷை ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தைய இரவு தவறாமல் பூசுகிறேன். நேரம் இருந்தால் அதன் மேல் டப்பா பாலிஷும் உண்டு. கிளம்பும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாவது குவார்ட்டர் முடிவதற்குள் விரல்களுக்குப் பின்னால் கால் மடங்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்துவிடுகிறது, காய்ந்த குளத்துத் தரை மாதிரி. மைத்துனர் சொன்னார் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். இரண்டு நாள் மெத்தென்று இருந்தது, அப்புறம் மைதானத்துப் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டியது.

இன்னும் பதினாறு நாளில் மண்டலப் போட்டி. புது ஷூ வாங்கும் நிலையில் இந்த மாதம் இல்லை. இதைத் தேற்ற வழி உண்டா?

சுபேதார்_ஓய்வு (வேலூர்) · செவ்வாய், இரவு 10:05

பாட்டில் பாலிஷைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். செர்ரி பிளாசமோ கிவியோ ஒரு டப்பா, ஒரு பழைய பனியன் துணி, நாலு சொட்டுத் தண்ணீர். விரலில் துணியைச் சுற்றி சின்னச் சின்ன வட்டமாக அரை மணி நேரம். இருபத்துநாலு வருடம் எங்கள் ஷூவில் முகம் பார்த்துச் சவரம் செய்தோம். ராணுவத்தில் ஃபுட்பால் நடுவராக இருந்தபோதும் இதே கதைதான். வெடிப்பு வருகிறது என்றால் மேலே போட்ட பாலிஷ் போதவில்லை என்று அர்த்தம்.

தோல்பாய் (ஆம்பூர்) · செவ்வாய், இரவு 11:20

சுபேதார் ஐயா சொன்னதில் பாதிதான் சரி. மீதியைப் பிறகு பேசிக்கொள்வோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். ஏற்றுமதிக்குப் போகும் ஷூவின் முகத்தைக் கடைசியாகத் துடைத்து டப்பாவில் வைக்கிற ஆள்.

மாஸ்டர், சில கேள்விகள். முதலில், அது தோல்தானா? ஷூ நாக்கின் ஓரத்தில் வெட்டின விளிம்பைப் பாருங்கள். நார் நாராக, பஞ்சு மாதிரி தெரிந்தால் தோல். துணி மேல் பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி அடுக்கு தெரிந்தால் ரெக்ஸின். ரெக்ஸின் என்றால் ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை, இந்தப் பேச்சை இங்கேயே மூடிவிடலாம்.

இரண்டாவது, மழையில் நனைந்தால் எங்கே காய வைப்பீர்கள்? மூன்றாவது, ஃபுட்பாலுக்கு லைனில் நிற்பதாகச் சொன்னீர்களே, அந்தக் கோடு எதில் போடுகிறார்கள்?

கருப்புவிசில் · புதன், காலை 6:10

பாய், வெட்டின விளிம்பு நார் நாராகத்தான் இருக்கிறது. நனைந்தால் மொட்டை மாடி வெயில், வேறென்ன. போன நவம்பரில் ஒரு தடவை காயவே இல்லை என்று கேஸ் அடுப்புப் பக்கத்திலும் வைத்தேன். வீட்டில் நல்ல திட்டு.

கோடு சுண்ணாம்புதான். காலையில் பனி ஈரத்தில் போட்டுவிடுவார்கள். லைனில் ஓடி ஓடி மேட்ச் முடியும்போது ஷூ திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்து குழாயில் கழுவி, கொஞ்சம் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுவேன். அதற்கும் வெடிப்புக்கும் என்ன சம்பந்தம்?

தோல்பாய் · புதன், பிற்பகல் 2:35

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தோல் தொட்டிக்கு வந்ததும் முதல் பெரிய வேலையே சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைப்பது. சுண்ணாம்பு தோலை ஊதவைத்து நாரைத் தளர்த்தும், அப்போதுதான் முடி கழன்று வரும். முடி போனதும் அந்தச் சுண்ணாம்பை விடாமல் வெளியேற்ற வேண்டும். மிச்சம் நின்றுவிட்டால் முடித்த தோல் மொரமொரவென்று கரடுதட்டிப் போகும். அதன் பிறகு அமிலம் ஏற்றி, குரோம் உப்போ பட்டையோ கொடுத்துப் பதம் செய்வோம். எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடைசியில் எண்ணெய் ஊட்டி அனுப்புவோம். ஆக உங்கள் கையில் வரும் ஷூத் தோல் லேசான புளிப்புப் பக்கம் நிற்கிற பொருள். புளிப்பா காரமா என்று காட்டுகிற பி.எச் அளவில் நாலை ஒட்டி. சுண்ணாம்புத் தண்ணீர் பன்னிரண்டு. நாங்கள் பத்துப் பதினைந்து நாள் பாடுபட்டு வெளியே தள்ளினதை நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்ப உள்ளே ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே சோப்பு வேறு. துணி சோப்பும் அதே காரப் பக்கம்தான்.

காய்ந்த சுண்ணாம்புத் தூள் தோல் மேல் சும்மா கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. தண்ணீர் பட்டால்தான் அது வேலை செய்யும். பனி ஈரம், வேர்வை, குழாய்த் தண்ணீர் எல்லாமே தண்ணீர்தான். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா? அதே கதை.

இதோடு வெயிலும் அடுப்பும். ஈரத் தோலைச் சூட்டில் வைத்தால் நார் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊட்டின எண்ணெயும் இடம் மாறிவிடும். அப்படி விறைத்த தோல் மேல் பாட்டில் பாலிஷ் பூசுகிறீர்கள். அது உள்ளே இறங்காது, பெயின்ட் மாதிரி மேலே படலமாக நிற்கும். மூன்று வருடத்தில் எத்தனை அடுக்கு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஷூவிலேயே அதிகம் மடங்குகிற இடத்தில் அந்தப் படலம் வெடிக்காமல் என்ன செய்யும்?

அதனால் நீங்கள் பார்க்கிற வெடிப்பு தோலில் இருக்கிறதா, பாலிஷ் படலத்தில் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் கொஞ்சம் வாங்குங்கள். தின்னர் வேண்டாம், நகப்பாலிஷ் அழிக்கிற திரவமும் வேண்டாம். அவை இரண்டும் தொழிற்சாலையில் போட்ட நிறத்தையே உரித்துவிடும். வெள்ளைத் துணியில் நாலு சொட்டு விட்டு, முதலில் நாக்கில் கயிறுக்கு அடியில் மறைவான இடத்தில் துடைத்துப் பாருங்கள். நிறம் மங்கவில்லை என்றால் வளைவில் மெதுவாகத் துடையுங்கள். துணி கருப்பாக வரும். வருவது நின்றதும் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் பிழைத்தீர்கள். பிளவுக்குள் நார் தெரிந்தால் அதை யாராலும் மூட முடியாது, மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கோடுபோடும்_ராசு (பெரம்பலூர்) · புதன், மாலை 5:50

பாய் போட்ட போடில் எனக்குத்தான் வயிறு கலங்குகிறது. மைதானத்தில் கோடு போடுகிறவன் நான். பதினைந்து வருடமாகச் சுண்ணாம்புத் தூள்தான். என் செருப்பு ஏன் ஆறு மாதம் தாண்டுவதில்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. குதிகால் வெடிப்புக்கும் இதுதான் காரணமாக இருக்கும் போல.

ஒரு விஷயம் நானும் சொல்கிறேன். மூட்டையில் வருவது எல்லாம் சுண்ணாம்பு இல்லை. சில கடையில் சாக் பவுடர் தருவார்கள், அது கையைக் கடிக்காது. பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டால் தெரிந்துவிடும். ஆரத்தித் தண்ணீர் மாதிரி ரத்தச் சிவப்பாக மாறினால் சுண்ணாம்பு. எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தது, கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லை.

தோல்பாய் · புதன், மாலை 6:15

ராசு, அருமை. இருபத்திரண்டு வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர், இனிமேல் லைனில் நின்று வந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஷூவைத் தட்டி, காய்ந்த பிரஷால் தூள் முழுவதையும் உதறுங்கள். தையல் ஓரத்துக்குப் பழைய டூத் பிரஷ். தூள் போகும்வரை தண்ணீர் கூடாது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். வேர்வை உப்பு பூத்த வெள்ளைக் கறைக்கும் இதேதான். அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த துணி. உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில், ஃபேன் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். எல்லாம் சேர்த்து உங்கள் கை படுகிற நேரம் பத்து நிமிடம்தான்.

பாலிஷ் முந்தைய இரவு வேலை என்று எல்லோரும் நினைக்கிறோம். ஷூவின் ஆயுள் தீர்மானமாவது மேட்ச் முடிந்த அன்றைய சாயங்காலம்.

பழைய_அம்பயர் (சென்னை, மயிலாப்பூர்) · புதன், இரவு 8:30

எழுபத்தொரு வயதில் இந்த இழையைப் படித்துவிட்டு பரணில் கிடந்த ஷூவை எடுத்துப் பார்த்தேன். லீக் கிரிக்கெட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற காலத்து ஷூ. வெள்ளைத் தோல். இப்போது பழுப்பும் இல்லை மஞ்சளும் இல்லை, பழைய பல் மாதிரி ஒரு நிறம்.

நாங்கள் செய்த கூத்தைச் சொல்கிறேன், தம்பிகள் சிரித்துக்கொள்ளலாம். கான்வாஸ் ஷூவுக்குப் பூசுகிற வெள்ளையையே தோலுக்கும் பூசினோம். தோல் அதைக் குடிக்காது, மேலே ஏடு மாதிரி நிற்கும். டீ இடைவேளைக்குள் உதிர்ந்து பேன்ட் அடியில் ஒட்டியிருக்கும். அப்போது என்ன செய்வோம்? சாக்பீஸ் எடுத்து மேலே தேய்ப்போம். பள்ளிக்கூட மாஸ்டராக இருந்த சக அம்பயர் ஒருவர் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், மொத்த பேனலுக்கும் அவர்தான் சப்ளை.

அம்பயரின் ஷூ ஓடித் தேய்வதில்லை, நின்று நனைவது. ஒரு டெஸ்ட் நாள் என்றால் ஆறு மணி நேர ஆட்டம், 90 ஓவர் கணக்கு. நம் ஊர் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடினவர், அதைவிட அதிகமாக 73 டெஸ்டில் அம்பயராக நின்றார். எங்கள் லீக் மேட்ச் அந்த உயரம் இல்லை, ஆனால் மே மாதச் சென்னை வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். அதை அப்படியே பைக்குள் போட்டு மூடி, மறுநாள் காலை அதே ஷூவை மாட்டுவோம். ஷூ கெட்டதைவிட கால் கெட்டது அதிகம்.

இன்னொன்று. மேட்சன்று காலையில் கருப்புப் பாலிஷ் போட்டுவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் போகாதீர்கள். ஒரு இளைய அம்பயர் வெள்ளைப் பந்து மேட்சில் புதுப் பந்தைக் கையில் வாங்கினார். பவுலரிடம் கொடுக்கும்போது அதில் ஐந்து விரல் கருப்பாகப் பதிந்திருந்தது. பந்தில் வெளிப்பொருள் எதுவும் படக்கூடாது என்று ஆட்டக்காரர்களைக் கண்காணிக்க வேண்டியவரே அதைச் செய்தால்? பவுலர் பந்தைப் பார்த்தார், அம்பயரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பேன்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்.

மஞ்சள்அட்டை (திண்டுக்கல்) · புதன், இரவு 9:55

பழைய அம்பயர் ஐயா, சிரித்துச் சிரித்து வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் ஃபுட்பால் நடுவர். எங்கள் ஊர் ரூபா தேவி அக்கா ஃபிஃபா நடுவரானதைப் பார்த்துத்தான் இதற்குள் வந்தேன். பெண் நடுவர்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. நம் கால் அளவுக்கு நல்ல கருப்பு ஷூ கடையில் இருக்காது. நாலாம் நம்பர் கேட்டால் பையன்களின் ஸ்கூல் ஷூவை எடுத்து நீட்டுவார்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். இரண்டு வருடம் அதற்குத்தான் மெழுகுப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன், மினுங்குவதாக நினைத்து. பாய் சொன்ன நாக்கு விளிம்புச் சோதனையை இப்போதுதான் செய்தேன். துணி, மேலே பிளாஸ்டிக். சரி, போகட்டும்.

இப்போது வைத்திருப்பது மெல்லிய தோல் ஸ்டட் பூட், அடியில் பிடிப்புக்குக் குமிழ் வைத்தது. சேறு காய்ந்ததும் சுரண்டாமல் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுகிறேன். ஸ்டட் இடுக்குக்கு ஐஸ்கிரீம் குச்சி. இதற்கும் டப்பா பாலிஷ் போடலாமா பாய்? மேலே ஒரு மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

தோல்பாய் · புதன், இரவு 10:40

தங்கச்சி, அந்த மாதிரி பூட்டுக்கு மெழுகுப் பாலிஷ் வேண்டாம். மெல்லிய தோல் காலோடு சேர்ந்து நீள வேண்டும், மெழுகு அதை விறைக்க வைக்கும். நிறமில்லாத கிரீம் பட்டாணி அளவு, விரலால் தடவி, கால் மணி கழித்துத் துடைத்தால் போதும். மாதம் ஒரு முறை. சேற்றை நீங்கள் துடைக்கும் முறை சரி. ஆனால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் முதலில் தூள், பிறகுதான் தண்ணீர்.

சுபேதார்_ஓய்வு · வியாழன், காலை 5:15

பாய், பாதிதான் சரி என்றீர்கள், மீதியைச் சொல்லவே இல்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன்.

தோல்பாய் · வியாழன், காலை 9:00

ஐயா, மன்னிக்க வேண்டும். பாட்டிலைக் குப்பையில் போடச் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தக் கண்ணாடிப் பளபளப்பு என்பது தோலின் நுண்ணிய பள்ளமெல்லாம் மெழுகால் நிரம்பி மேல்பரப்பு சமமாவது. அது கடினமான படலம். முன்மூக்கிலும் குதிகாலிலும் உள்ளே விறைப்பான அட்டை இருப்பதால் அங்கே ஷூ மடங்காது, மெழுகு எவ்வளவு ஏறினாலும் நிற்கும். வளைவில் ஏற்றினால் முதல் பத்து அடியிலேயே நொறுங்கும். பரேடில் நீங்கள் நடப்பீர்கள், நிற்பீர்கள். இவர் நாற்பது நிமிட ஆட்டத்தில் கோர்ட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற ஆள். திடீரென்று நின்று திரும்பவும் ஓட வேண்டும்.

அதனால் மூக்குக்கும் குதிகாலுக்கும் சுபேதார் முறை. நடுவில் கிரீம் மட்டும். சண்டை முடிந்ததா?

சுபேதார்_ஓய்வு · வியாழன், காலை 9:20

முடிந்தது. ஆனால் தீக்குச்சியால் பாலிஷை உருக்கிப் பூசுவது பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தோல்பாய் · வியாழன், காலை 9:24

அந்த டப்பாவில் இருப்பது பாதிக்கு மேல் தீப்பிடிக்கிற கரைப்பான். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, வேண்டாம் ஐயா.

மார்க்கம்_ரெஃப் (கனடா) · வெள்ளி, காலை 8:10

வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணத்தான், இப்ப ரொறன்ரோப் பக்கம் பள்ளிக்கூடக் கூடைப்பந்தாட்டங்களுக்கு மத்தியஸ்தம் செய்கிறேன். இங்கே எங்கள் பலரின் சப்பாத்து பேட்டன்ட் லெதர், மழையில் நனைந்த கார் மாதிரி மினுங்குகிற அந்தத் தோல். அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேட்டன்ட் தோலின் மேலே இருப்பது பிளாஸ்டிக் பூச்சு. அதற்குப் பாலிஷ் போட்டால் உள்ளே போகாது, கண்ணாடியில் வெண்ணெய் தடவின மாதிரி மங்கிப்போகும். மென்மையான துணியை ஈரமாக்கித் துடைத்தால் போதும். கால் கீறின கருப்பு அடையாளங்களுக்கு வாஸ்லின் துளி எடுத்துத் தேய்த்துவிட்டு, பிசுபிசுப்பு இல்லாமல் திரும்பத் துடைக்கிறேன்.

நான் விட்ட பிழை ஒன்று. ஆட்டப் பருவம் முடிந்ததும் சப்பாத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பேட்டன்ட் பூச்சு அடுத்த பொருளின் நிறத்தை இழுத்துக்கொள்ளும் என்று தெரியாது. நாலு மாதத்தால் எடுத்துப் பார்த்தால் மூக்கின் மேலே தலைப்புச் செய்தி தலைகீழாக அச்சாகியிருந்தது. எதைப் போட்டும் போகவில்லை. உள்ளே தாள் திணிக்கலாம். வெளியே சுற்றுவதென்றால் வெள்ளைத் துணி மட்டும் பாவியுங்கோ.

மற்றது, ஆட்டச் சப்பாத்தோடு வீட்டிலிருந்து புறப்படுவதில்லை. இங்கே பனிக்கால வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அது தோலில் பூத்தால் பாய் அண்ணை சொன்ன வினிகர்தான் மருந்து. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சோல். வெளியே நடந்தால் மண்ணும் எண்ணெயும் ஒட்டி மரத்தரையில் பிடி போய்விடும். சப்பாத்து தனிப் பையில், ஆட்டத்துக்கு முன் சோலை ஈரத் துவாயால் ஒரு துடை. ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியும் நடுவருக்கு நீளக் கருப்புக் காற்சட்டை, கருப்புச் சொக்ஸ், கருப்புக் கூடைப்பந்துச் சப்பாத்து என்றுதான் கேட்கிறது. மினுக்கம் எங்கள் ஆசை. வழுக்கி விழுந்தால் மினுக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

கருப்புவிசில் · வெள்ளி, இரவு 10:15

மார்க்கம் அண்ணன், தனிப் பை யோசனை நேராக மண்டையில் அடித்தது. நான் பைக்கில் அதே ஷூவோடு போய், அதே ஷூவில் கியர் மாற்றி, அதே ஷூவில் ஊதிவிட்டு வருகிறவன். இடது ஷூவின் மேலே கியர் லீவர் தேய்த்த தழும்பே இருக்கிறது.

நீலமலை_ஹாக்கி (குன்னூர்) · சனி, காலை 7:40

குறுக்கே ஒரு கேள்வி. டிசம்பரில் ஷூ மேல் வெள்ளையாக மாவு பூத்தது. பூஞ்சை என்று துடைத்தேன். மறுவாரம் திரும்ப வந்தது. துடைத்தால் வருவது, வந்தால் துடைப்பது என்று போய்க்கொண்டிருக்கிறது.

தோல்பாய் · சனி, காலை 10:30

தேங்காய் எண்ணெய் தடவினீர்களா?

நீலமலை_ஹாக்கி · சனி, காலை 10:41

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தோல்பாய் · சனி, காலை 11:05

உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டில் குளிர்காலத்தில் எப்படி இருக்கும்? கட்டியாக, வெள்ளையாக. இருபத்துநாலு இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். ஷூவுக்குள் இறங்கினதும் அப்படித்தான் உறைந்து மேலே பூக்கிறது. ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து லேசான சூட்டில் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். மறையாமல் நின்று புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை. அதற்கு வெளியே வைத்துத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு முறை ஒற்றி, காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள்.

திருச்சி மாஸ்டருக்கு அந்தப் பூப்பு வராது, அவர் ஊரில் எண்ணெய் உறைந்தால் அதுதான் செய்தி. அவருக்கு வேறு கெடுதல். அந்த எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கெடுக்கும், தோலைத் தொளதொளவென்று ஆக்கி ஷூவின் வடிவத்தையே கெடுக்கும்.

கருப்புவிசில் · ஞாயிறு, பிற்பகல் 4:20

இன்றைக்கு உட்கார்ந்து வேலையை முடித்தேன். டர்பன்டைன் நூறு மில்லி, பழைய வெள்ளை வேட்டித் துண்டு. நாக்குக்கு அடியில் சோதனை செய்தபோது நிறம் போகவில்லை. வளைவில் துடைக்கத் துடைக்கக் கருப்பாக வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். ஒரு இடத்தில் படலம் தகடு மாதிரியே உரிந்து வந்தது, நகத்தால் எடுத்து மகளிடம் காட்டினேன், பாம்புச் சட்டை என்றாள்.

வலது ஷூவில் கோடு எல்லாமே பாலிஷில்தான் இருந்தது. கீழே தோல் முழுசாக இருக்கிறது, மங்கலாக, சுருக்கத்தோடு. இடது ஷூவில் ஒரே ஒரு பிளவு, சுண்டுவிரல் பக்கம், நெல்மணி நீளம். உள்ளே நார் தெரிகிறது. அடுப்புப் பக்கத்தில் வைத்த ஷூ இதுதான் என்று நினைக்கிறேன்.

வினிகர்த் தண்ணீர், வெறும் தண்ணீர், ஒரு ராத்திரி நிழல். நாளைக்குக் கருப்புக் கிரீம்.

தோல்பாய் · ஞாயிறு, மாலை 6:00

நன்றாக வந்திருக்கிறது. கிரீமை இரண்டு முறை மெல்லியதாகக் கொடுங்கள், நடுவில் அரை நாள் விட்டு. மடிப்புக்குள் தேங்கினால் பழைய கதைதான். கிரீம் காய்ந்ததும் குதிரைமுடி பிரஷால் வேகமாக, அழுத்தாமல். அழுக்கு எடுக்கிற பிரஷும் கருப்புப் போடுகிற பிரஷும் வேறு வேறாக இருக்கட்டும். பிளவில் எதையும் அடைக்காதீர்கள். கிரீம் சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான்.

சோலையும் ஒரு பார்வை பாருங்கள். விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கிறதா, ஓரத்தில் தூளாக உதிர்கிறதா?

கருப்புவிசில் · ஞாயிறு, மாலை 6:30

ரப்பர் சோல் நன்றாகவே இருக்கிறது. ஏன் கேட்டீர்கள்?

தோல்பாய் · ஞாயிறு, மாலை 7:10

எடை குறைவாக, மெத்தென்று இருக்கிற சோல் பல ஷூவில் பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்) நுரை. காற்றில் இருக்கிற ஈரமே அதைச் சிறுகச் சிறுக உடைக்கும். அணியாமல் பெட்டியில் வைத்தாலும் உடையும். “ஃபைனலுக்கு மட்டும் போடுவேன்” என்று அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது. மேல்தோல் கடையில் வாங்கின நாள் மாதிரி இருக்கும், சோல் பிஸ்கட் ஆகியிருக்கும். உங்களுடையது கெட்டி ரப்பர் என்றால் கவலை இல்லை. ஆனால் வெயிலில் நிற்கிற வண்டியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பசை இளகி மூக்கு வாய் பிளக்கும்.

பழைய_அம்பயர் · ஞாயிறு, இரவு 8:45

பரண் ஷூவின் சோலை இப்போது அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

கருப்புவிசில் · பதினைந்து நாள் கழித்து, திங்கள், இரவு 9:05

மண்டலப் போட்டி முடிந்தது. மூன்று நாளில் ஏழு ஆட்டம் ஊதினேன். ஷூவைத் தனிப் பையில் கொண்டுபோய் அங்கேதான் மாட்டினேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் துடைத்து, தாள் திணித்து, தங்கின அறையில் ஃபேனுக்குக் கீழே வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் ஷூவுக்கு எதற்கு ஃபேன், மனுஷனுக்கே காற்று வரவில்லை என்று புலம்பினார்.

வளைவில் சுருக்கம் இருக்கிறது, வெள்ளைக் கோடு வரவில்லை. நெல்மணிப் பிளவு நெல்மணியாகவே இருக்கிறது. முன்மூக்கில் மட்டும் சுபேதார் ஐயா முறையில் இருபது நிமிடம் தேய்த்தேன், டியூப்லைட் தெரிகிறது.

பாய், உங்களை நினைத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அரையிறுதியில் என்னோடு ஊதியவர் நான்கு வருடம் பெட்டியில் வைத்திருந்த வெளிநாட்டு ஷூவை முதல் முறையாகப் போட்டுக்கொண்டு வந்தார். மேலே அப்படி ஒரு மினுக்கம். மூன்றாவது குவார்ட்டரில் ஃபவுல் கொடுக்க ஓடி வந்தவருக்குப் பின்னால் கருப்புத் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. டைம் அவுட் கேட்காமலேயே ஆட்டத்தை நிறுத்தித் துடைப்பம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மீதி ஆட்டத்தை ஒரு மாணவனின் ஷூவை வாங்கிப் போட்டு முடித்தார். அது நீல நிறம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோடுபோடும்_ராசு · திங்கள், இரவு 9:40

அந்த மனுஷன் பாவம்.

என் பக்கம் ஒரு சேதி. எங்கள் பள்ளி மூட்டையில் மஞ்சள் போட்டுப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. பி.இ.டி. சாரிடம் காட்டினேன். சாக் பவுடர் விலை கொஞ்சம் கூடுதல் என்று தலைமையாசிரியர் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மேட்ச் இருக்கிறது. அதுவரைக்கும் முழங்கால் வரை பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு கோடு போடலாம் என்று இருக்கிறேன், பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.